மருந்துக்கடை உரிமம், பார்மசிஸ்ட் பதிவு: யாரிடம், எதை, எப்படிக் கேட்டுப் பெறுவது?

பாலக்கோட்டிலோ ஊத்தங்கரையிலோ எந்த மெடிக்கல் கடைக்குள் நுழைந்தாலும் சுவரில் பிரேம் போட்ட இரண்டு தாள்கள் தொங்கும். ஒன்று கடைக்கான உரிமம். மற்றது பார்மசிஸ்டின் பதிவுச் சான்றிதழ். இரண்டையும் ஒரே அலுவலகம்தான் கொடுத்திருக்கும் என்று நினைத்துத் தகவல் உரிமைச் சட்டத்தின் கீழ் மனுப் போடுகிறவர்களே அதிகம். "இந்தத் தகவல் எங்கள் அலுவலகத்தில் இல்லை" என்ற பதில் வந்து சேர்வதற்குள் ஒரு மாதம் போய்விடும். அதனால் முதலில் இந்த இரண்டு தாள்களையும் பிரித்துப் பார்க்கப் பழக வேண்டும்.

இரண்டு தாள், இரண்டு அலுவலகம்

பார்மசிஸ்ட் என்ற ஆளைப் பதிவு செய்வது தமிழ்நாடு பார்மசி கவுன்சில். 1948ஆம் ஆண்டின் பார்மசி சட்டத்தின்படி அமைந்த, சென்னையில் இயங்கும் அமைப்பு இது. யார் பதிவு பெற்றவர், என்ன படித்தவர், பதிவு உயிரோடு இருக்கிறதா, யாருடைய பெயர் நீக்கப்பட்டது என்பதெல்லாம் இதன் பதிவேட்டில் இருக்கும். இதன் நிர்வாகத் தலைமை பதிவாளர்.

கடைக்கு உரிமம் கொடுப்பது மாநில மருந்து கட்டுப்பாட்டுத் துறை. இதற்கு அடிப்படை 1940ஆம் ஆண்டின் மருந்துகள் மற்றும் அழகுசாதனப் பொருட்கள் சட்டமும் 1945ஆம் ஆண்டின் விதிகளும். சில்லறைக் கடைக்குப் படிவம் 20, 21. மொத்த வியாபாரத்துக்கு 20பி, 21பி. கடுமையான கட்டுப்பாட்டில் உள்ள அட்டவணை எக்ஸ் மருந்துகளைச் சில்லறையில் விற்க 20எஃப். களத்தில் வருகிறவர் மருந்து ஆய்வாளர், ஊர் வழக்கில் 'டிரக் இன்ஸ்பெக்டர்'. அவருக்கு மேலே மண்டல உதவி இயக்குநர், அவருக்கும் மேலே சென்னையில் இயக்குநர்.

கடையில் காலாவதி மருந்து, மருந்துச் சீட்டு இல்லாமல் விற்பனை, ஆய்வு நடந்ததா இல்லையா என்பவை மருந்து கட்டுப்பாட்டுத் துறையின் கோப்புகளில் இருக்கும். கவுண்டரில் நிற்பவர் பதிவு பெற்றவரா, சுவரில் தொங்கும் எண் யாருடையது என்பது கவுன்சிலின் பதிவேட்டில். கடையில் வேலை பார்க்காமல் சான்றிதழை மட்டும் மாட்டக் கொடுப்பதை 'சர்டிபிகேட்டை வாடகைக்கு விடுவது' என்று ஊரில் சொல்வார்களே, அந்த விவகாரத்துக்கு மட்டும் இரண்டு அலுவலகமும் வேண்டும். பதிவு உண்மைதானா என்று கவுன்சில் சொல்லும்; அந்த எண் எந்தக் கடையின் உரிமத்தில் ஏறியிருக்கிறது என்று துறை சொல்லும்.

கேட்காமலே வெளியிட வேண்டியவை

தகவல் உரிமைச் சட்டம் என்றதும் பத்து ரூபாய் ஸ்டாம்ப் ஒட்டிய மனுதான் நினைவுக்கு வரும். ஆனால் சட்டத்தின் கனமான பகுதி பிரிவு 4. யாரும் கேட்காமலே அலுவலகம் தானாக வெளியிட வேண்டிய 17 இனங்களை அது பட்டியலிடுகிறது. அவற்றை ஆண்டுதோறும் புதுப்பிக்கவும் வேண்டும்.

அந்த 17இல் நமக்கு உதவுவது நான்கைந்துதான். எட்டாவது இனம், குழுக்களும் கவுன்சில்களும் பற்றியது: கூட்டங்கள் பொதுமக்களுக்குத் திறந்தவையா, கூட்ட நடவடிக்கைக் குறிப்புகளைப் பார்க்க முடியுமா என்று சொல்ல வேண்டும். பதினொன்றாவது வரவு செலவு. பதினாறாவது, மனுக்களுக்குப் பதில் தர வேண்டிய பொதுத் தகவல் அலுவலரின் பெயரும் பதவியும். எல்லாவற்றிலும் பயனுள்ளது பதிமூன்றாவது: அந்த அலுவலகம் வழங்கிய சலுகைகள், அனுமதிகள், அங்கீகாரங்களைப் பெற்றவர்களின் விவரம். மருந்துக்கடை உரிமம் இதற்குள் வருகிறது. ஆகவே உரிமம் பெற்ற கடைகளின் பட்டியலைக் கேட்கும்போது கெஞ்ச வேண்டியதில்லை. பிரிவு 4(1)(ஆ)(xiii) என்று எண்ணைக் குறிப்பிட்டுக் கேட்கலாம்.

பார்மசி சட்டத்திலேயே, தகவல் உரிமைச் சட்டத்துக்கு அரை நூற்றாண்டுக்கு மேல் முந்திய கடமைகள் இருக்கின்றன. பலர் இவற்றைக் கண்டுகொள்வதே இல்லை.

பிரிவு 29: பதிவேட்டில் என்னென்ன இருக்க வேண்டும் என்று சொல்கிறது. முழுப்பெயர், வீட்டு முகவரி, முதன்முதலில் பதிவான தேதி, பதிவுக்கான தகுதி, தொழில் செய்யும் முகவரி. ஒருவரிடம் வேலை பார்த்தால் அந்த வேலை கொடுத்தவரின் பெயரும் இருக்க வேண்டும். கடைசி இரண்டும்தான் வாடகைச் சான்றிதழைப் பிடிக்கும் இடம். அரூரில் ஒரு கடைச் சுவரில் சான்றிதழ் தொங்குகிறது. பதிவேட்டிலோ அதே ஆள் கோயம்புத்தூர் மருத்துவமனை ஒன்றில் வேலை பார்ப்பதாக இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். விசாரிக்க அது போதும். ஆனால் வேலை மாறியும் பதிவேட்டை மாற்றாமல் விட்டவர்களும் உண்டு என்பதால், இதை மட்டும் வைத்துக் குற்றம் சாட்டிவிட முடியாது.

பிரிவு 40: ஆண்டுதோறும் ஏப்ரல் 1ஆம் தேதி இருந்தபடி பதிவேட்டை அச்சிட்டு, நிர்ணயித்த கட்டணம் செலுத்திக் கேட்பவர்களுக்குப் பிரதி தர வேண்டும். அந்தத் தேதியில் அவர்கள் பதிவு பெற்ற பார்மசிஸ்டுகள் என்பதற்கு அந்த அச்சுப் பிரதியே சாட்சியம். அதாவது, இது நாடாளுமன்றமே பொதுமக்கள் பார்வைக்கு வைத்த ஆவணம். பின்னால் 'தனிநபர் தகவல்' என்று மறுப்பு வந்தால் நம் கையில் இருக்கும் முதல் ஆயுதம் இந்தப் பிரிவுதான்.

பிரிவு 36: பெயர் நீக்கம். தவறுதலாகவோ பொய் சொல்லியோ பதிவாகியிருந்தால், குற்றத் தண்டனை பெற்றிருந்தால், தொழில் ஒழுக்கக் கேடு நிரூபணமானால், உரியவரின் விளக்கத்தைக் கேட்டபின் நிர்வாகக் குழு பெயரை நீக்கலாம். கவுன்சில் அதை உறுதி செய்ய வேண்டும். உறுதி செய்து மூன்று மாதம் கழித்தே உத்தரவு நடைமுறைக்கு வரும். நீக்கப்பட்ட பெயரை அரசிதழில் வெளியிட வேண்டும். புதுப்பிப்புக் கட்டணம் கட்டாமல் பிரிவு 34இன் கீழ் நீக்கப்பட்டவர்களுக்கும் இது பொருந்தும். "கடந்த 3 ஆண்டுகளில் நீக்கப்பட்ட பெயர்களின் அரசிதழ் அறிவிக்கைகள்" என்று கேட்டால் மறுப்பதற்கு வழியே இல்லை. வெளியாகிவிட்ட ஆவணத்தை ரகசியம் என்று யாரும் சொல்ல முடியாது.

மனுவுக்கு முன் சுவரைப் படியுங்கள்

உரிமத்தைப் பொதுமக்கள் வந்துபோகும் பகுதியில், கண்ணில் படும் இடத்தில் வைக்க வேண்டும் என்பது உரிமத்தின் நிபந்தனைகளில் ஒன்று. பார்மசிஸ்ட் தன் பதிவுச் சான்றிதழைக் காட்சிக்கு வைக்க வேண்டும், பெயரும் பதிவு எண்ணும் உள்ள அடையாள வில்லையோடு வெள்ளைக் கோட் அணிய வேண்டும் என்கின்றன 2015ஆம் ஆண்டின் பார்மசி தொழில் ஒழுங்குமுறைகள். வெள்ளைக் கோட்டைத் தேடிப் போனால் ஏமாற்றம்தான் மிஞ்சும், எண்ணைத் தேடுங்கள்.

குறித்துக்கொள்ள வேண்டியவை: உரிம எண்கள் (பெரும்பாலும் 20க்கு ஒன்று, 21க்கு ஒன்று), உரிமதாரர் பெயர், கடை முகவரி, உரிமம் வழங்கிய அலுவலகம், பார்மசிஸ்ட் பெயர், பதிவு எண். உரிமம் வழங்கிய அலுவலகத்தின் பெயரை விட்டுவிடாதீர்கள். மனு போக வேண்டிய விலாசம் அதுதான். கடைக்காரர் முகம் சுளித்தால் ஒரு மாத்திரை அட்டை வாங்கி ரசீது கேளுங்கள்; உரிம எண் பெரும்பாலும் ரசீதில் அச்சாகியிருக்கும். போட்டோ எடுத்துச் சண்டை வளர்க்க வேண்டாம். கடைக்காரர் மீது புகார் இருக்கிறது என்று ஊருக்கே தெரிந்தபின் போகும் ஆய்வில் ஒன்றும் சிக்காது.

உரிமத்தில் தேதி பழையதாக இருந்தால் உடனே காலாவதி என்று முடிவு கட்டக் கூடாது. 2017 அக்டோபரில் விதி மாறியது. அதன்பின் உரிமம் ரத்தாகும்வரை செல்லும். ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை தக்கவைப்புக் கட்டணம் கட்டினால் போதும். ஆகவே "உரிமம் புதுப்பிக்கப்பட்டதா" என்று கேட்காமல் "தக்கவைப்புக் கட்டணம் கடைசியாகச் செலுத்திய தேதி, செலுத்துச்சீட்டின் நகல்" என்று கேளுங்கள்.

மனு எழுதுவது

கேள்வி கேட்காதீர்கள், ஆவணம் கேளுங்கள். "ஏன் நடவடிக்கை எடுக்கவில்லை?" என்று எழுதினால் விளக்கம் தரக் கடமையில்லை என்று பதில் வரும். அது சட்டப்படி சரியான பதிலும்கூட. அலுவலகத்தில் இல்லாத தகவலைப் புதிதாகத் தொகுத்துத் தரத் தேவையில்லை என்று உச்ச நீதிமன்றம் 2011இல் சிபிஎஸ்இ வழக்கில் தெளிவாகச் சொல்லிவிட்டது. "இந்தப் புகார் மனுவின் மீது எழுதப்பட்ட கோப்புக் குறிப்புகளின் நகல்" என்று கேட்டால் அதே 'ஏன்' தானாக வெளியே வரும்.

இந்தத் தொகுக்கும் சிக்கல் நம் விஷயத்தில் நேரடியாக இடிக்கும். "இன்ன பதிவு எண் வேறு எந்தக் கடையிலாவது இருக்கிறதா?" என்பது நியாயமான சந்தேகம், ஆனால் தேடிப் பார்த்துத்தான் சொல்ல முடியும் என்று தட்டிவிடுவார்கள். அதற்குப் பதில், ஒரு வட்டத்துக்குள் உள்ள எல்லா உரிமங்களின் பட்டியலையும் பார்மசிஸ்டின் பெயர், பதிவு எண்ணோடு கேளுங்கள். பென்னாகரம் அல்லது போச்சம்பள்ளி அளவுள்ள வட்டத்தின் பட்டியலை வீட்டில் உட்கார்ந்து எண் வரிசைப்படி அடுக்கினால், ஒரே எண் இரண்டு இடத்தில் வருகிறதா என்று ஒரு மணி நேரத்தில் தெரிந்துவிடும். மாவட்டம் முழுவதற்கும் ஒரே மனுவில் கேட்காதீர்கள். "அலுவலகப் பணியைப் பாதிக்கும்" என்ற சாக்கு கிடைத்துவிடும்.

மருந்து கட்டுப்பாட்டுத் துறைக்கு ஒரு மாதிரி:

பெறுநர்: பொதுத் தகவல் அலுவலர், மருந்து கட்டுப்பாட்டு உதவி இயக்குநர் அலுவலகம், (உரிமத்தில் உள்ள ஊர்).
பொருள்: தகவல் உரிமைச் சட்டம் 2005, பிரிவு 6(1)இன் கீழ் மனு.
கடை: (பெயர், முகவரி). உரிம எண்கள்: (…).
1. மேற்படி கடையின் நடப்பு உரிமங்களின் சான்றிட்ட நகல்.
2. 1.4.2021 முதல் இன்றுவரை இந்த உரிமங்களில் பதிவான பார்மசிஸ்டுகளின் பெயர், பதிவு எண், சேர்ந்த தேதி, விலகிய தேதி ஆகியவற்றைக் காட்டும் ஆவணங்களின் நகல்.
3. அதே காலத்தில் நடந்த ஆய்வுகளின் அறிக்கை நகல்கள்.
4. அதே காலத்தில் விதி 66இன் கீழ் வழங்கிய விளக்கம் கோரும் அறிவிப்பு, இடைநீக்க அல்லது ரத்து உத்தரவுகளின் நகல்.
5. தக்கவைப்புக் கட்டணம் கடைசியாகச் செலுத்தியதைக் காட்டும் ஆவண நகல்.
ஒரு பகுதியை மறுத்தால், பிரிவு 10இன்படி மீதியைத் தரவும். வேறு அலுவலகத்துக்கு உரியது என்றால் பிரிவு 6(3)இன்படி 5 நாளுக்குள் மாற்றி அனுப்பவும்.

இரண்டாவது கேள்விக்கு ஒரு பின்புலம் இருக்கிறது. பொறுப்பில் உள்ள தகுதியான ஆள் மாறினால் ஒரு மாதத்துக்குள் தெரிவிக்க வேண்டும் என்பதும் உரிம நிபந்தனை. பல கடைகளில் ஆள் போய் ஓராண்டானாலும் காகிதத்தில் பழைய பெயரே நிற்கும். மூன்றாவது கேள்விக்கும் அப்படித்தான்: உரிமம் பெற்ற கடைகளை ஆண்டுக்கு ஒருமுறையாவது ஆய்வு செய்ய வேண்டும் என்று விதி 51 ஆய்வாளரைப் பணிக்கிறது. மூன்றாண்டுக்கு ஓர் அறிக்கைகூட இல்லை என்று பதில் வந்தால் அதுவே ஒரு தகவல். எழுத்தில் வாங்கி வையுங்கள். ஆய்வில் கண்ட குறைகளை எழுத, கடையிலேயே படிவம் 35இல் ஓர் ஆய்வுப் புத்தகம் இருக்க வேண்டும். வேறொரு சட்டத்தின்படி அரசு அலுவலகம் பெறக்கூடிய தனியார் ஆவணமும் தகவல்தான் என்று பிரிவு 2(f) சொல்வதால், அந்தப் புத்தகத்தின் பக்கங்களையும் ஆய்வாளர் வழியாகவே கேட்கலாம்.

கவுன்சிலுக்குப் போகும் மனு இன்னும் சுருக்கமாக இருக்கட்டும். "பதிவு எண் இன்னது, பெயர் இன்னது. (1) பார்மசி சட்டம் பிரிவு 29இன்படி பதிவேட்டில் உள்ள பெயர், முதல் பதிவுத் தேதி, தகுதி, தொழில் முகவரி, வேலை கொடுத்தவர் பெயர் ஆகியவற்றைக் காட்டும் சான்றிட்ட பகுதி. (2) பதிவு எந்தத் தேதிவரை செல்லும் என்பதைக் காட்டும் ஆவணம். (3) இந்தப் பதிவு தொடர்பாகப் பிரிவு 36இன் கீழ் பிறப்பித்த உத்தரவு ஏதேனும் இருப்பின் நகல்." அவ்வளவுதான். வீட்டு முகவரி, செல்போன் எண், மதிப்பெண் பட்டியல், ஆதார் எதையும் கேட்காதீர்கள். வீட்டு முகவரி பதிவேட்டில் இருக்க வேண்டிய விவரம்தான் என்றாலும், அதைக் கேட்டதைக் காரணம் காட்டி மனு முழுவதையும் மறுத்துவிடுவார்கள். நமக்கு அது தேவையும் இல்லை.

பார்மசிஸ்டுகளுக்கே இந்த வழி உதவும். பதிவு, புதுப்பிப்பு, வேறு மாநிலத்திலிருந்து மாற்றம் என்று விண்ணப்பம் போட்டு மாதக்கணக்கில் பதில் இல்லையென்றால், "என் விண்ணப்பத்தின் மீது நாள்வாரியாக எடுத்த நடவடிக்கை, இப்போது கோப்பு இருக்கும் பிரிவு, கோப்புக் குறிப்பின் நகல்" என்று கேளுங்கள். நிராகரித்திருந்தால், பாதிக்கப்பட்டவருக்குக் காரணம் சொல்வது பிரிவு 4(1)(ஈ)இன்படி கடமை. பெரும்பாலும் நகல் வருவதற்கு முன்பே கோப்பு நகர்ந்துவிடும்.

கட்டணமும் தபாலும்

மனுவைத் தமிழிலேயே எழுதலாம். காரணம் சொல்ல வேண்டியதில்லை. கட்டணம் 10 ரூபாய். எளிய வழி, மனுவின் மேலேயே 10 ரூபாய் கோர்ட் பீ ஸ்டாம்ப் ஒட்டுவது. தாலுகா அலுவலகம், நீதிமன்றம், சார்பதிவாளர் அலுவலகம் பக்கத்தில் ஸ்டாம்ப் விற்பவர்களிடம் கிடைக்கும். ரெவின்யூ ஸ்டாம்ப் வேறு, அதை ஒட்டினால் மனு திரும்பி வரும். வறுமைக் கோட்டுக்குக் கீழ் உள்ளவர்கள் அதற்கான சான்றை இணைத்தால் கட்டணம் இல்லை. ரேஷன் கார்டு நகலை மட்டும் வைத்தால் பெரும்பாலும் ஏற்பதில்லை. மாநில அரசின் இணையத் தகவல் உரிமைத் தளத்திலும் மனுப் போடலாம். துறைப் பட்டியலில் நீங்கள் தேடும் அலுவலகம் இருக்கிறதா என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள்.

நகலுக்குப் பக்கத்துக்கு 2 ரூபாய். கோப்பை நேரில் பார்க்கவும் உரிமை உண்டு, முதல் ஒரு மணி நேரத்துக்குக் கட்டணம் இல்லை. பக்கங்கள் நூற்றைத் தாண்டும் என்று தோன்றினால் நேரில் பார்த்து, வேண்டியதை மட்டும் நகலெடுப்பது மலிவு. மண்டல அலுவலகத்துக்கு அது சரி. சென்னைக்குப் போய்வருவது என்றால் ஒரு நாள் கூலியும் பஸ் காசும் போகும். கவுன்சிலிடம் நகலாகவே கேட்பது நல்லது.

2025 செப்டம்பரில் பதிவுத் தபால் சேவை ஸ்பீடு போஸ்டுடன் இணைந்துவிட்டது. கவுண்டரில் "ரெஜிஸ்ட்ரேஷன், டெலிவரி சான்று இரண்டும் வேண்டும்" என்று சொல்லி அனுப்புங்கள். பதிலுக்கான நாள் கணக்கு தொடங்குவது அனுப்பிய நாளிலிருந்து அல்ல, அவர்கள் கையில் கிடைத்த நாளிலிருந்து.

திங்கட்கிழமை கலெக்டர் அலுவலகக் குறைதீர் கூட்டத்தில் கொடுக்கும் மனு வேறு ரகம். அது துறைக்குப் போகும், சில சமயம் வேகமாகவும் வேலை நடக்கும். ஆனால் தகவல் உரிமைச் சட்டத்தின் 30 நாள் கெடு அதற்குப் பொருந்தாது. புகாரை அங்கே கொடுங்கள். அந்த ரசீது எண்ணை வைத்துத் தகவல் மனுவைத் தனியாகப் போடுங்கள்.

நாட்காட்டி

மனு ஜூன் 1 அன்று அலுவலகத்துக்குக் கிடைத்ததாக வைத்துக்கொள்வோம். 30 நாள், அதாவது ஜூலை 1க்குள் பதில் வர வேண்டும். உயிர் அல்லது சுதந்திரம் சம்பந்தப்பட்டது என்றால் 48 மணி நேரம். கடை உரிமத்துக்கு அதைக் கோர முடியாது. மனு வேறு அலுவலகத்துக்கு மாற்றப்பட்டால் 5 நாள் கூடும். மூன்றாம் நபரின் கருத்தைக் கேட்க வேண்டியிருந்தால் 40 நாள்.

பலர் வழுக்கும் இடம் ஒன்று உண்டு. 25ஆம் நாள் "46 பக்கங்கள், 92 ரூபாய் செலுத்தவும்" என்று கடிதம் வரும். அந்தக் கடிதம் புறப்பட்ட நாளிலிருந்து நீங்கள் பணம் கட்டும் நாள்வரை கணக்கில் சேராது. நீங்கள் ஒரு மாதம் தாமதித்தால் அவர்களுக்கும் ஒரு மாதம் கிடைக்கும். கடிதம் வந்த அன்றே கட்டிவிடுங்கள். 30 நாள் முடிந்தபின் கட்டணம் கேட்டாலோ கட்ட வேண்டாம்; கெடு தாண்டினால் இலவசமாகத் தர வேண்டும் என்பது பிரிவு 7(6).

ஜூலை 1க்குள் பதில் இல்லையென்றால் ஜூலை 31க்குள் முதல் மேல்முறையீடு. அதே அலுவலகத்தில் தகவல் அலுவலருக்கு மூத்த அதிகாரிக்குப் போகும், கட்டணம் இல்லை. பெயர் தெரியாவிட்டால் "மேல்முறையீட்டு அலுவலர்" என்று பதவியை எழுதினால் போதும். ஜூலை 10 அன்று கொடுத்தால் ஆகஸ்ட் 9க்குள் முடிவு வர வேண்டும். காரணம் எழுதி 45 நாள்வரை, ஆகஸ்ட் 24 வரை, நீட்டிக்கலாம். அதற்குப்பின் 90 நாளுக்குள் தமிழ்நாடு தகவல் ஆணையத்தில் இரண்டாம் மேல்முறையீடு. தேதியில் வம்பு வராமல் இருக்க ஆகஸ்ட் 9இலிருந்தே எண்ணி, நவம்பர் 7க்குள் போட்டுவிடுங்கள்.

ஆணையத்துக்கு எழுதும்போது பிரிவு 18 புகார், பிரிவு 19(3) மேல்முறையீடு இரண்டையும் குழப்பிக்கொள்ளக் கூடாது. 18இன் கீழ் ஆணையம் தண்டம் விதிக்கலாமே தவிர, தகவலைக் கொடு என்று உத்தரவிட முடியாது. மணிப்பூர் வழக்கில் 2011இல் உச்ச நீதிமன்றம் சொன்னது இது. தகவல் வேண்டும் என்றால் 19(3)தான். தண்டம் நாளுக்கு 250 ரூபாய், உச்சவரம்பு 25,000. அது தகவல் அலுவலரின் சொந்தப் பையிலிருந்து போகும் என்பதால், முதல் மேல்முறையீட்டிலேயே பிரிவு 20ஐ ஒரு வரியில் நினைவூட்டுவது பலன் தரும்.

மறுப்புகள்

'தனிநபர் தகவல், பிரிவு 8(1)(j)'. இந்தப் பிரிவு முன்பைவிட இப்போது கடுமை. 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் இதைத் திருத்தியது. திருத்தம் 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்தது. முன்பு அந்தப் பிரிவுக்குள்ளேயே இருந்த பொதுநல விதிவிலக்கு இப்போது அங்கே இல்லை. ஆனால் பிரிவு 8(2) அப்படியே இருக்கிறது: தீங்கைவிடப் பொதுநலன் மேலோங்கினால் தரலாம். மேல்முறையீட்டில் இந்த இரண்டு வாதங்களையும் எழுதுங்கள். ஒன்று, பார்மசி சட்டம் பிரிவு 40இன்படி பதிவேடே அச்சிட்டு விற்கும் ஆவணம்; சான்றிதழைச் சுவரில் மாட்டச் சொல்வதும் ஒழுங்குமுறைதான். இரண்டு, 2022 நவம்பரில் பீகார் பார்மசி கவுன்சில் தொடர்பான வழக்கில், போலி பார்மசிஸ்டுகள் மருத்துவமனைகளையும் மருந்துக்கடைகளையும் நடத்தாமல் பார்த்துக்கொள்வது கவுன்சிலும் மாநில அரசும் செய்ய வேண்டிய கடமை என்று உச்ச நீதிமன்றம் கூறியிருக்கிறது.

'விசாரணையில் இருக்கிறது, 8(1)(h)'. விசாரணை நடக்கிறது என்பது மட்டும் காரணமாகாது. தகவல் வெளியானால் விசாரணை எப்படிக் கெடும் என்று காட்ட வேண்டும் என்று டெல்லி உயர் நீதிமன்றம் 2007இல் சொன்னது. இருந்தாலும் புகார் கொடுத்த அடுத்த வாரமே ஆய்வு அறிக்கை கேட்டால் இந்த மறுப்பு நியாயமானதே. இரண்டு மூன்று மாதம் விட்டுக் கேளுங்கள்.

'மூன்றாம் நபர் ஒப்புக்கொள்ளவில்லை'. பிரிவு 11 கடைக்காரரின் கருத்தைக் கேட்கச் சொல்கிறதே தவிர, அவர் கையில் தடுப்பதிகாரத்தைக் கொடுக்கவில்லை. முடிவு தகவல் அலுவலருடையது. ஆனால் கொள்முதல் விலை, தள்ளுபடி விகிதம் போன்றவை வணிக ரகசியம் என்று மறுப்பது சரி. அவற்றைக் கேட்காமல் விடுங்கள்.

ஓசூர்ப் பக்கத்துச் சிக்கல்

ஓசூர், தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டிப் பகுதிக் கடைகளில் கர்நாடகச் சான்றிதழும், பர்கூர், வேப்பனப்பள்ளிப் பக்கம் ஆந்திரச் சான்றிதழும் கண்ணில் படலாம். அதனாலேயே போலி என்று சொல்லிவிட முடியாது. 'பதிவு பெற்ற பார்மசிஸ்ட்' என்பதற்குச் சட்டம் தரும் விளக்கம், ஒருவர் வசிக்கும் மாநிலத்தின் அல்லது தொழில் செய்யும் மாநிலத்தின் பதிவேட்டில் பெயர் உள்ளவர் என்பது. கர்நாடகத்தின் ஆனேக்கல்லில் குடியிருந்துகொண்டு ஓசூரில் வேலை பார்ப்பவர் வாதாட இடமிருக்கிறது. ஓசூரிலேயே குடியிருப்பவருக்கு அந்த வாதம் கிடையாது.

இங்கே இரண்டு மாநிலக் கவுன்சில்களுக்கும் மனு வேண்டும். தமிழ்நாட்டில், இந்தப் பெயர் பதிவேட்டில் உண்டா என்று. கர்நாடகத்தில், இந்த எண் நடப்பில் உள்ளதா, வேறு மாநிலத்துக்கு மாற்றப்பட்டதா என்று. கர்நாடக விதிப்படி ஒரு மனுவில் ஒரே பொருள்தான், அதுவும் 150 சொல்லுக்குள். மேலே உள்ள ஐந்து கேள்வி மாதிரியை அப்படியே அனுப்பினால் திரும்பி வரும். கன்னடத்திலோ ஆங்கிலத்திலோ இந்தியிலோ எழுத வேண்டும். தமிழ்நாட்டுக் கோர்ட் பீ ஸ்டாம்ப் அங்கே செல்லாது, போஸ்டல் ஆர்டர் அனுப்புங்கள்.

பதில் கையில் வந்தபின்

பதிவு இல்லாதவர் மருந்துச் சீட்டுப் பார்த்து மருந்து கொடுப்பது பார்மசி சட்டம் பிரிவு 42இன்படி குற்றம். பதிவாளருக்கு எழுத்தில் புகார் கொடுங்கள். பிரிவு 26ஏ-இன் கீழ் கவுன்சில் நியமிக்கும் ஆய்வாளர்களுக்குக் கடைக்குள் சென்று பார்க்கவும் எழுத்துப்பூர்வமான புகாரை விசாரிக்கவும் அதிகாரம் உண்டு. அதே புகாரின் நகலை உதவி இயக்குநருக்கும் அனுப்புங்கள். உரிமத்தை நிறுத்தி வைக்கும் அதிகாரம் கவுன்சிலிடம் இல்லை, அங்கேதான் இருக்கிறது. புகாரில் கடை பற்றிய வருணனையைக் குறைத்து, தேதி, நேரம், ரசீது எண், மருந்தின் பெயர், பேட்ச் எண் (அட்டையில் அச்சாகியிருக்கும் தயாரிப்புத் தொகுதி எண்) இவற்றை எழுதுங்கள். அட்டவணை எச்1 மருந்து சீட்டில்லாமல் விற்றார்கள் என்றால் அதைத் தனியாகக் குறிப்பிடுங்கள். அந்த மருந்துகளுக்கு மருத்துவர் பெயர், நோயாளி பெயர், அளவு எழுதிய தனிப் பதிவேட்டைக் கடை 3 ஆண்டு வைத்திருக்க வேண்டும். உங்கள் ரசீதுத் தேதியில் பதிவேட்டைத் திறந்தாலே விஷயம் தெரிந்துவிடும். போதைக்காக வலி மாத்திரை விற்பனை, கருக்கலைப்பு மாத்திரை விற்பனை பற்றிய புகாரில் உங்கள் பெயரை ரகசியமாக வைக்கக் கோரி முதல் வரியிலேயே எழுதுங்கள்.

மருந்தின் தரத்தில் சந்தேகம் என்றால் புகார் கொடுத்துவிட்டுக் காத்திருக்க வேண்டிய அவசியமில்லை. விலைக்கு வாங்கிய மருந்தை அரசுப் பகுப்பாய்வாளரிடம் சோதனைக்குக் கொடுத்து, அவர் கையெழுத்திட்ட அறிக்கையைப் பெறும் உரிமையை மருந்துகள் சட்டத்தின் பிரிவு 26 தனிநபருக்கே தருகிறது. விண்ணப்பம் படிவம் 14ஏ, அறிக்கை படிவம் 14பி. சோதனைக் கட்டணம் மருந்துக்கு மருந்து மாறும் என்பதால் முதலில் மருந்தின் பெயரைச் சொல்லிக் கட்டணத்தையும், எத்தனை மாத்திரை வேண்டும் என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள். பிரிக்காத அட்டைகள், எல்லாம் ஒரே பேட்ச், கூடவே ரசீது. பாதி தின்ற அட்டையை அனுப்பினால் சோதனைக்கே எடுக்க மாட்டார்கள். அதே பேட்சில் இன்னும் இரண்டு அட்டை வாங்கி, வெயில் படாத இடத்தில் ரசீது நகலோடு வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள். ஆய்வாளர் வந்து கேட்கும்போது கடையில் அந்தப் பேட்ச் இருக்காது.